கிட்ட வா, கிட்ட வா: பெம்ப்டன் பாறையில் நான்கு நாள்

முதல் நாள், வெள்ளி

லீட்ஸில் காலை ரயில் ஏறி, ஹல்லில் மாறி, இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் பெம்ப்டனில் இறங்கியபோது மதியம் ஒரு மணி. சின்ன ஸ்டேஷன். எங்களோடு இறங்கிய ஏழெட்டுப் பேரில் பாதிப் பேர் கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. “எல்லாரும் நாம போற எடத்துக்குத்தான் போறாங்க போல” என்றார் அப்பா.

அப்பா நாகப்பட்டினத்திலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். கடலுக்குப் போனதில்லை. ஆனால் கடலிலிருந்து வந்ததெல்லாம் அவர் கண் முன்னால்தான் எடை போடப்பட்டது. லீட்ஸ் வந்த மறுநாளே “இங்கேருந்து கடல் எவ்வளவு தூரம்?” என்று கேட்டார். மே மாதக் கடைசியில் திங்கட்கிழமையும் சேர்ந்து வரும் விடுமுறையை அப்போதே இதற்கென்று எடுத்து வைத்துவிட்டேன். பெம்ப்டன் பாறைக்கு நான் முன்பு ஒரு முறை வந்திருக்கிறேன். அப்போது ஆகஸ்ட் முடியும் நேரம், பெரும்பாலான பறவைகள் போய்விட்டன. வெறும் விளிம்புகளையும் வெள்ளை எச்சத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வசந்தத்தில் வர வேண்டும் என்று அன்றிலிருந்து ஆசை.

தங்கும் வீட்டில் பையை வைத்துவிட்டு நடந்தோம். ஊரைத் தாண்டினால் இருபுறமும் வயல். ஒரு வயல் முழுக்க மஞ்சள் பூ. கடுகு இனம்தான், எண்ணெய்க்காக விதைப்பது. வானம்பாடி ஒன்று தலைக்கு மேலே நின்ற இடத்திலேயே பாடிக்கொண்டிருந்தது. கடல் இருக்கும் அறிகுறியே இல்லை. நிலம் தட்டையாகப் போய் சட்டென்று முடிகிறது, அவ்வளவுதான் தெரிந்தது.

முதலில் வந்தது வாடை. அப்பா நின்று மூச்சை இழுத்தார். “கருவாடு காயப் போட்ட எடம் மாதிரி இருக்கே. அக்கரைப்பேட்டை வாடை.” அதன் பிறகுதான் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு பெரிய சந்தை நடப்பது போல, தனித்தனிக் குரல் பிரியாத இரைச்சல். வேலி ஓரம் போய் எட்டிப் பார்த்தோம்.

சுமார் நூறு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக இறங்கும் வெள்ளைச் சுண்ணப் பாறை. அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை என்பதால், காற்றும் அலையும் அரித்த இடமெல்லாம் மெல்லிய விளிம்புகளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு விளிம்பிலும் பறவை. தேர் பார்க்க மொட்டை மாடிச் சுவரில் நெருக்கியடித்து நிற்கிற ஜனம் போல, தோளோடு தோள் ஒட்டி. கீழே தண்ணீரில் மிளகைக் கொட்டிவிட்டது மாதிரி கருப்புப் புள்ளிகள், அவையும் பறவைகள். அந்தரத்தில் பறந்துகொண்டிருப்பவை தனிக் கணக்கு. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை இந்தக் கரைக்கு வந்து போகும் கடற்பறவைகள் சுமார் 5 லட்சம்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “இத்தனைக்கும் சாப்பாடு என்ன?”

அவருடைய முதல் கேள்வி அது. மனதில் போட்டு வைத்துக்கொண்டேன்.

இன்று பெரும்பாலும் பார்த்தது கில்லிமாட். காபிக்கொட்டைக் கருப்பு முதுகு, வெள்ளை வயிறு, நிமிர்ந்து நிற்கும் வாகு. கூடு கட்டாது. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை, அதையும் பாதத்தின் மேல் ஏற்றி வயிற்றால் மூடிக்கொள்ளும். அதனால் முட்டை கண்ணில் படவே படாது. பேரிக்காய் வடிவ முட்டை. ஒரு பக்கம் கூம்பியிருப்பதால் சரிவான விளிம்பிலும் சட்டென்று உருளாமல் நிற்கிறது. ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். ஒன்று கடலுக்குப் போனால் மற்றது அசையாது.

பக்கத்தில் நின்ற தன்னார்வலர் ஒரு வயதான அம்மா. அவர் தன் தொலைநோக்கியை அப்பாவுக்காகத் தாழ்த்திக் கொடுத்தார். எங்களுக்கு நேர் எதிரே துருப்பிடித்த மாதிரி செங்கோடு ஓடும் ஒரு விளிம்பு. அதில் பதினோரு பறவைகள். அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, “பாப்பா, இது ஒண்ணு மட்டும் கண்ணாடி போட்டிருக்கு பாரு” என்றார்.

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. கண்ணைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம், அதிலிருந்து பின்பக்கம் காது நோக்கி இழுத்த வெள்ளைக் கோடு. பழைய வட்டக் கண்ணாடியும் அதன் காம்பும் அப்படியே. கில்லிமாட்டில் சிலது இப்படிப் பிறக்குமாம். வடக்கே போகப் போக அதிகம், இங்கே கொஞ்சம்தான். அப்பா உடனே “வாத்தியார்” என்று பெயர் வைத்துவிட்டார்.

வாத்தியார் குனிந்து நின்ற விதத்தைப் பார்த்தால் காலடியில் முட்டை இருப்பது நிச்சயம். மாலை ஆறு மணி வரை பார்த்தோம். ஒரு தடவை லேசாக எழுந்து, அலகால் எதையோ உள்ளே தள்ளி, மறுபடி அமர்ந்தது. வேறெதுவும் தெரியவில்லை. “முட்டையப் பாக்காம நான் ஊருக்கு வர மாட்டேன்” என்றார் அப்பா. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. தூக்கம் வருகிறது, மிச்சம் நாளைக்கு.


இரண்டாம் நாள், சனி

காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு இல்லை. கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி. இந்தக் கரையில் இதற்கு ‘ஃப்ரெட்’ என்று பெயர். குளிர்ந்த கடல் மேல் இளஞ்சூடான காற்று வந்தால் உண்டாகி, வசந்தத்திலும் கோடையிலும் கரைக்குள் நுழைந்துவிடும். ஒரு மணி நேரத்தில் விலகினாலும் விலகும், நாள் முழுக்க நின்றாலும் நிற்கும் என்றார் வீட்டுக்கார அம்மா.

அப்பா இருப்பாரா! ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு, காதுக்கு மஃப்ளர். ஏழரைக்கெல்லாம் பாறை ஓரம் நின்றோம். வேலிக்கம்பிக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. உலகமே அங்கே முடிந்துவிட்டது போல இருந்தது. ஆனால் சத்தம் மட்டும் நேற்றைவிட இரண்டு மடங்கு. கண் வேலை செய்யாதபோது காது குரல்களைப் பிரிக்கக் கற்றுக்கொள்கிறது. அடித்தொண்டையில் ‘அர்ர்ர்’ என்று உருட்டுவது கில்லிமாட். கரகரவென்று ஒரே தாளத்தில் கத்துவது கன்னெட், பெரிய வெள்ளைக் கடற்பறவை. இவற்றுக்கு மேலே, கூர்மையாக, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல்.

அப்பா கையை உயர்த்தி என்னைப் பேசாதே என்றார். “கேளு. கிட்ட வா, கிட்ட வாங்குது.”

கிட்டிவேக், கடல்காக இனத்துப் பறவை. அது கூவுவதை வைத்துத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயரே வந்தது. இந்த நாட்டுக்காரர்களுக்கு அது ‘கிட்டி-வே-ஏக்’ என்று கேட்டிருக்கிறது. நாகப்பட்டினத்துக்காரருக்கு ‘கிட்ட வா’. இனி எனக்கும் வேறு மாதிரி கேட்காது.

முன்பு இந்தச் சத்தம் மாலுமிகளுக்குத் துணையாக இருந்திருக்கிறது. சற்றுத் தெற்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாம்பரோ முனை கப்பல்களை வாங்கிய இடம். பனி மூடிய நாளில் பறவை இரைச்சல் கேட்டால் பாறை பக்கத்தில் என்று விலகிப் போவார்களாம். ‘ஃபிளாம்பரோ வழிகாட்டிகள்’ என்று பறவைகளுக்கே பெயர் இருந்தது. இன்று காலை அங்கே நின்ற பிறகு அது கதையாகத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், பாறை எந்தப் பக்கம் என்று.

பத்து மணிக்கும் பனி விலகவில்லை. திரும்பி வந்து டீ குடித்தோம். வீட்டுக்கார அம்மாவிடம் அப்பா (நான் மொழிபெயர்க்க) முட்டையைப் பற்றிக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, தன் அம்மா சிறுமியாக இருந்தபோது கில்லிமாட் முட்டை தின்றதாகச் சொன்னார். எவ்வளவு வேகவைத்தாலும் வெள்ளைக்கரு நம் கோழிமுட்டை மாதிரி வெளுக்காதாம். நீலம் பாய்ந்த கண்ணாடி மாதிரியே இருக்குமாம்.

அப்புறம் ‘கிளிமர்’ கதை வந்தது. ஏறுகிறவர் என்பதை இந்த ஊர்ப் பேச்சில் அப்படிச் சொல்கிறார்கள். பாறை உச்சியில் இரும்பு முளை அடித்து, கயிறு கட்டி, மூன்று பேர் மேலே பிடித்துக்கொள்ள ஒருவர் கீழே இறங்குவார். தலையில் கல் விழுந்தால் தாங்க வைக்கோல் திணித்த தொப்பி, தோளில் குறுக்காக இரண்டு பை. ஒரு நாளில் 300, 400 முட்டை எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் போனது பாதி. மேற்கு யார்க்‌ஷரில் தோலுக்கு மெருகேற்ற வெள்ளைக்கரு போனது. அழகான ஓடுகளைச் சேகரிப்பவர்கள் வாங்கிப் போனார்கள்.

இந்தச் சேகரிப்புதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. கில்லிமாட் முட்டை ஒன்று போல் ஒன்று இருக்காது. நீலம், பச்சை, வெள்ளை, பழுப்பு. அதன் மேல் புள்ளி, கிறுக்கல், தீற்றல். ஆனால் ஒரே பெட்டை ஆண்டுதோறும் ஒரே சாயலில்தான் இடும், அதுவும் அதே விளிம்பில், அதே சாண் இடத்தில். செம்பழுப்பு நிறத்தில் அபூர்வமான முட்டையிட்ட ஒரு பெட்டை இங்கே இருந்தது. அந்த இடம் கிளிமர்களுக்குத் தெரிந்துபோனது. ஆண்டு தவறாமல் இறங்கி, அந்த முட்டையை எடுத்து, நல்ல விலைக்கு விற்றார்கள். பல ஆண்டுகள் இப்படி. அதுவும் ஆண்டு தவறாமல் வந்து அதே இடத்தில் இட்டது.

இதைச் சொன்னபோது அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “ஒரு குஞ்சுகூட விடலையா?” என்றார். 1954இல் பறவைப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் கயிறுகள் மேலே ஏறின.

மதியம் இரண்டுக்குப் பனி விலகியது. விலகிய விதம் அழகு: முதலில் கடல் தெரியவில்லை, பறவைகள் தெரிந்தன, பாலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று வருவது போல. நேரே வாத்தியாரிடம் போனோம். செங்கோட்டு விளிம்பின் அந்த மூலையில் ஒரு பறவை குனிந்து நின்றது. கண்ணாடி இல்லை! முறை மாறியிருக்கிறது. நாங்கள் டீ குடித்த நேரத்தில் வாத்தியார் முட்டையை வீட்டம்மாவிடமோ ஐயாவிடமோ ஒப்படைத்துவிட்டுக் கடலுக்குப் போயாயிற்று. அப்பாவுக்கு வருத்தம். எனக்கு அதைவிட.

மனம் தேற, வலப்பக்கப் பாதையில் கடைசி முனையான ஸ்டேபிள் நியூக்வரை நடந்தோம். கடலுக்குள் நீளும் பாறை, அடியில் அலை குடைந்த வளைவு, மேலே முழுக்க கன்னெட். இங்கிலாந்தின் பெருநிலத்தில் கன்னெட் குஞ்சு பொரிக்கும் ஒரே இடம் இந்தக் கரை. 2017 கணக்கில் 13,000 ஜோடிக்கு மேல். இறக்கையை விரித்தால் ஆறடி. உடம்பு சுண்ணாம்பு வெள்ளை, தலையும் கழுத்தும் மஞ்சள் பூசிக் குளித்த முகம் போல. வெளியே மூக்குத்துவாரம் கிடையாது, தோலுக்கடியில் காற்றுப் பைகள். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து இறக்கையைப் பின்னுக்கு மடக்கி ஈட்டி போலத் தண்ணீரில் பாய்வதற்கான உடம்பு அது.

ஆனால் இன்று பார்த்தது பாய்ச்சல் அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு கன்னெட் வந்து இறங்கியது. பாறை உச்சிப் புல்லை அலகால் பற்றி, கழுத்தை முறுக்கி, வேரோடு இழுத்தது. வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தது. அலகின் ஓரத்துக் கருங்கோடுகள், வெளிர்நீலக் கண், அந்தக் கண்ணைச் சுற்றிய இன்னும் அடர்ந்த நீல வளையம், கால்விரல்களின் மேல் ஓடும் பச்சைக் கோடு, எல்லாம் தெரிந்தது. புல் பிடுங்கிக்கொண்டு வந்ததும், ஒரு கொத்து வாயில் வழிய, விளிம்பிலிருந்து அப்படியே காற்றில் சாய்ந்தது. கூட்டில் இருந்த துணை எழுந்தது. இரண்டும் மார்போடு மார்பு நின்று, அலகை வானத்துக்குத் தூக்கி, கத்தியோடு கத்தி உரசுவது போல உரசிக்கொண்டன. அப்பா புல்லைப் பார்க்கவில்லை. கூட்டைப் பார்த்தார். “நைலான் வலை. பச்சை நூலு. அது ஆரஞ்சு, அது கயிறு.” கூட்டுக்குக் கூடு அப்படித்தான் இருந்தது. கடலில் மிதக்கும் வலைத்துண்டைப் பாசி என்று நினைத்துப் பொறுக்கி வருகின்றன. காலில் சிக்கிக்கொண்டால் எழுந்து பறக்க முடியாது.

2022இல் பறவைக்காய்ச்சல் இந்தக் கூட்டத்தை அடித்தது. பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு நீலக் கண் கருத்துப்போனதாம். அப்பா ஒவ்வொரு கண்ணாகத் தேடினார். நாங்கள் பார்த்த வரை எல்லாம் நீலம்.

திரும்பும் வழியில் வயல் மேல் ஒரு கூகை, பட்டப்பகலில், சத்தமே இல்லாமல் தாழப் பறந்து போனது. ஊரில் கூகை குறுக்கே வந்தால் அப்பா முகம் சுளிப்பார். இன்று நின்று, அது மறையும்வரை பார்த்தார்.


மூன்றாம் நாள், ஞாயிறு

நீண்ட நடை. பாறை ஓரமாகவே தென்கிழக்கே போய், தார்ன்விக் விரிகுடா, நார்த் லேண்டிங் தாண்டி, ஃபிளாம்பரோ கலங்கரை விளக்கம் வரை. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, நடப்பாரா என்று எனக்கு யோசனை. அவர் என்னைவிட முன்னால் போனார்.

பாதையோரம் முழுக்க இளஞ்சிவப்புக் காட்டுப்பூ. வெயில், காற்று. இன்று கிட்டிவேக்குக்கான நாள். கொஞ்சம் தணிந்த பாறைகளில், குகை வாய்களின் மேல், நம் கைக்கு ஒரு சாண் தேறாத முண்டுகளில் கூடு ஒட்டி வைத்திருக்கின்றன. மண், புல், பாசி மூன்றையும் குழைத்து, காலால் மிதித்து மிதித்து இறுக்கிய கிண்ணம். அதில் பெரும்பாலும் இரண்டு முட்டை. கடல்காகம்தான், ஆனால் துறைமுகத்தில் சண்டை போட்டுத் தின்கிற கடல்காகத்தின் சாயலே இல்லை. மென்மையான முகம், கரிய கண், கருப்புக் கால், கரி தொட்டு வைத்த இறக்கை நுனி. இது நிஜமான கடல்வாசி. அடைகாக்கும் காலம் தவிர அட்லாண்டிக் நடுவில்தான் இருக்கும், குளிர்காலத்தில் கனடாப் பக்கம்வரை போகும்.

2017இல் இந்தக் கரையில் 45,000 ஜோடிக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். அதே ஆண்டில்தான் உலக அளவில் அழியும் ஆபத்துள்ள பறவைப் பட்டியலிலும் இதன் பெயர் ஏறியது. ஒன்றை ஒன்று மறுக்கவில்லை. மற்ற இடங்களில் பாறைகள் காலியாகிக்கொண்டே வருவதால்தான் இந்தப் பாறைக்கு இவ்வளவு மதிப்பு.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இட்லிப்பொடி தடவிய ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே அப்பாவின் முதல் நாள் கேள்விக்கு வந்தேன். சாப்பாடு என்ன? பெரும்பாலும் ஒரே ஒரு மீன். சாண்டீல் என்று பெயர். விரல் நீளம், கொஞ்சம் கூடலாம், பென்சில் பருமன்கூட இல்லை, வெள்ளிபோல மின்னும். கடலடி மணலில் புதைந்து கிடந்து, மேய்ச்சலுக்கு மேலே வரும்.

“நெத்திலியா?”

“நெத்திலிய இழுத்து நீட்டின மாதிரிப்பா. நல்ல கொழுப்பு.”

“அப்ப எல்லாம் இதத்தான் திங்கும்” என்றார். சரிதான். பறவை, காட் மீன், கடல்நாய், திமிங்கிலம் எல்லாமே அதன் மேல் கை வைக்கும். ஆனால் சாண்டீல் குறைந்தால் முதலில் அடிபடுவது கிட்டிவேக். கில்லிமாட் நூறு மீட்டருக்கும் ஆழமாக முங்கிப் போய் வேறு எதையாவது பிடித்துக்கொள்ளும். கன்னெட் தூரம் போகும், பெரிய மீனும் எடுக்கும். கிட்டிவேக்குக்கு மேல்தண்ணீரில் வந்ததுதான் உணவு. மீன் மேலே வரவில்லையென்றால் குஞ்சுக்கு ஒன்றுமில்லை. வடகடல் சூடாவதால் சாண்டீல் தின்னும் நுண்ணுயிர்கள் மாறுகின்றன, அதனால் மீனும் மெலிகிறது. இதற்கு மேல் பல பத்தாண்டுகளாகப் படகுகள், முக்கியமாக டென்மார்க் படகுகள், இதை அள்ளின. மனிதர் சாப்பிட இல்லை. அரைத்து மீன்தூளும் எண்ணெயும் எடுக்க, பண்ணை மீனுக்கும் பன்றிக்கும் தீவனமாக.

அப்பாவுக்கு இது புதிதில்லை. “நம்மூர்லயும் குஞ்சு மீனெல்லாம் வாரிக்கிட்டு வந்து கோழித் தீவனத்துக்குப் போடுறாங்களே. எடை போட்டு போட்டு எனக்கே கை கூசும்.”

2024 வசந்தத்திலிருந்து வடகடலின் இங்கிலாந்துப் பகுதியில் சாண்டீல் பிடிக்கத் தடை. இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்தார். “தடைக்காலமா? எத்தனை நாள்?”

“நாள் கணக்கு இல்லப்பா. முழுசா.”

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகையில் இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது. விசைப்படகுகளெல்லாம் கரையில் நிற்கும், பெயிண்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள், ஐஸ் கம்பெனியில் இயந்திரம் நிற்கும், வீட்டில் கையிருப்பு குறையும். முணுமுணுப்பு இருக்கும். ஆனால் ஜூன் பாதியில் படகு திரும்பும்போது கூடை நிறைந்து வரும். அந்த இரண்டும் அப்பாவின் கணக்கு நோட்டில் முப்பது வருடம் ஏறியிருக்கிறது.

நான் அவருக்கு இன்னொரு தடைக்காலத்தைச் சொன்னேன். இதே பாறையில் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்த பிறகு தொழில் நகரங்களிலிருந்து துப்பாக்கியோடு ஆட்கள் வந்தார்கள். படகு வாடகைக்கு எடுத்து, பாறைக்கு அடியில் நின்று, அடைகாக்கும் பறவைகளைச் சுட்டார்கள். பொழுதுபோக்குக்காக. கிட்டிவேக் இறக்கைகள் சீமாட்டிகளின் தொப்பிக்குப் போயின. பெற்றவை செத்ததும் விளிம்பில் குஞ்சுகள் பட்டினியால் செத்தன. பிரிட்லிங்டன் பாதிரியார் பார்ன்ஸ்-லாரன்ஸ் ஊர்க்காரர்களைத் திரட்டினார். இந்தப் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்டபர் சைக்ஸ் சட்டம் கொண்டுவந்தார். பனியில் கப்பலுக்கு வழிகாட்டும் பறவைகள் என்பதும் அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1869இல் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, பிரிட்டனில் காட்டுப்பறவைகளுக்கான முதல் சட்டம். ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 1 வரை சுடக் கூடாது. முட்டைக்கு அது பொருந்தாது, அதனால்தான் கிளிமர்களுக்கு இன்னும் எண்பத்தைந்து ஆண்டு கிடைத்தது.

“ஏப்ரல் ஒண்ணு” என்றார் அப்பா. “நமக்குப் பதினஞ்சு.” வேறொன்றும் சொல்லவில்லை. ரொட்டித்துண்டை உதறிவிட்டு எழுந்தார்.

நார்த் லேண்டிங்கில் ‘கோபிள்’ படகுகள் இரண்டு மூன்று கரையில் கிடந்தன. முன்பக்கம் உயர்ந்து, பின்பக்கம் தட்டையாக, மணலிலிருந்தே கடலுக்குத் தள்ளும் வாகு. அப்பா பலகை சேர்ந்த இடத்தை எல்லாம் தடவிப் பார்த்தார். இங்கே நேரம் போனதே தெரியவில்லை. கலங்கரை விளக்கத்துக்கு (1806இல் கட்டியது) மாலையில் போய்ச் சேர்ந்து, படம் எடுத்து, பஸ்ஸும் டாக்சியுமாகத் திரும்பினோம்.

வாத்தியாரைப் பார்க்கப் போக வெளிச்சம் இருந்தது, கால் ஒத்துழைக்கவில்லை. நாளை கடைசி நாள்.


நான்காம் நாள், திங்கள்

நாலரை மணிக்கு அப்பா என்னை எழுப்பினார். ஐந்தேகாலுக்கு நாங்கள் பாறையில். இந்தப் பாறை முகம் வடக்கே பார்ப்பது. காலைச் சூரியன் வடகிழக்கிலும் கிழக்கிலும் இருக்கும்போதுதான் அதன் மேல் வெயில் விழும், அதன் பிறகு பெரும்பாலும் நிழல்தான். வெள்ளைப் பாறை அந்த நேரத்தில் நெய் நிறம்.

முதலில் வண்ண அலகுள்ள பஃபின் பறவையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே வருகிறவர்களெல்லாம் கேட்பது அதைத்தான். பார்த்தோம், மூன்று. மற்ற இடங்களில் மண்ணில் வளை தோண்டும். இங்கே பாறை இடுக்குகளில் புகுந்துகொள்கிறது, அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த வண்ண அலகு இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டும்தான், குளிர்காலத்தில் மேல் ஓடு கழன்று மங்கிவிடும். அழகுதான். ஆனால் எங்கள் மனம் செங்கோட்டு விளிம்பில் இருந்தது.

வாத்தியார் இருந்தார். நிமிர்ந்து, கண்ணாடியோடு, எங்கள் பக்கம் முதுகு காட்டாமல். முட்டை காலடியில்.

நின்றோம். ஆறு மணி. ஏழு. பக்கத்துப் பறவைகள் ஒன்றையொன்று குத்திக்கொண்டன, கழுத்தைக் கோதிக்கொண்டன. வாத்தியார் கண் சொருகியது, திறந்தது. தன்னார்வலர் அம்மா, முதல் நாள் பார்த்தவர், ஏழரைக்கு வந்தார். அப்பாவைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் தொலைநோக்கியை நிறுத்தி, உயரம் தாழ்த்தி, நகர்ந்து நின்றார். ஜூன் கடைசியில் வந்தால் குஞ்சு குதிப்பதைப் பார்க்கலாம் என்றார். மூன்று வாரக் குஞ்சு, பறக்கத் தெரியாது, பறப்பதற்கான இறகு இன்னும் வளர்ந்திருக்காது. அப்பன் கீழே தண்ணீரிலிருந்து கூப்பிடும். இந்த உயரத்திலிருந்து அது குதித்துவிடும். அப்புறம் இரண்டும் நீந்தியே நடுக்கடலுக்குப் போகும், வளர்ப்பது தகப்பன் வேலை. இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அப்பா கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்கவில்லை. “கூப்ட்டா வந்துடுமா?” என்று மட்டும் கேட்டார்.

எட்டு மணி சுமாருக்குக் கடலிலிருந்து ஒரு கில்லிமாட் நேராக வந்தது. இறக்கை படபடக்க, வேகம் குறைக்கத் தெரியாதது போல வந்து, செங்கோட்டு விளிம்பில் மோதி நின்றது. கண்ணாடி இல்லை. வாத்தியார் தலையைத் தாழ்த்தினார். வந்தது தலையைத் தாழ்த்தியது. அலகும் அலகும் தட்டிக்கொண்டன, கழுத்தைக் கோதின. ஒரு நிமிடத்துக்கு மேல் அதுவே நடந்தது. முட்டை தெரியவில்லை.

பிறகு வாத்தியார் ஒரு அடி நகர்ந்தார்.

நீலப்பச்சை. மேலே கரிய கிறுக்கல், எழுதத் தெரியாத பிள்ளை சிலேட்டில் இழுத்த மாதிரி, பெருத்த முனையில் அடர்ந்து, கூம்பு முனையில் ஓய்ந்து. கோழிமுட்டையைவிட நல்ல பெரிது. வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. பாறை விளிம்பில், கீழே நூறு மீட்டர் வெற்றிடம், ஒரு புல் இல்லை, ஒரு குச்சி இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம்தான் தெரிந்தது. வந்த பறவை அலகால் முட்டையைத் தன் பக்கம் உருட்டி, கால் மேல் ஏற்றி, வயிற்றைத் தாழ்த்தி மூடிக்கொண்டது. வாத்தியார் விளிம்புக்கு வந்து, அப்படியே கீழே விழுந்து, பாதி வழியில் பறவையாகி, கடலுக்குப் போனார்.

அப்பா தொலைநோக்கியிலிருந்து எழுந்து கண்ணைத் துடைத்தார். அந்த அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். அந்த அம்மாவும் கூப்பினார்.

பத்தரை மணி ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்கும்போது அப்பா ஊருக்கு போன் போட்டார். ஐஸ் கம்பெனிக் காலத்து நண்பர் எடுத்தார். “படகெல்லாம் பெயிண்ட் அடிச்சாச்சா?” என்று விசாரித்தார். அப்புறம், “இங்கயும் தடைக்காலம்தாண்டா. முட்டையப் பாத்துட்டேன்” என்று ஆரம்பித்தவர், ரயில் ஹல்லுக்கு வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்.